வண்டி ஓட்டாதவருக்கு அந்த வீடு எப்படி இருக்கும்?

நகரத்தில் வசிப்பது நல்லதா, புறநகரில் வசிப்பது நல்லதா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் தந்திருக்கும் விவரங்களைச் சேர்த்துப் படித்தால், உண்மையான கேள்வி அதைவிடக் குறுகியது. குறுகியது என்பதாலேயே அதற்குப் பதில் சொல்லவும் முடிகிறது. கணவன் மனைவி இருவரும் நகர மையத்தில் வேலை பார்க்கிறீர்கள். ஆறு வயதில் ஒரு மகள்; எழுபதைத் தாண்டிய உங்கள் தாயாரும் உடன் இருக்கிறார். இப்போது இருப்பது அலுவலகத்திலிருந்து அரை மணி நேரத்தில் உள்ள இரண்டு அறை வாடகை வீடு. ஏறத்தாழ அதே வாடகைத் தொகையை மாதத் தவணையாகக் கட்டினால், முப்பது கிலோமீட்டர் தள்ளி, மூன்று படுக்கையறையும் சிறு தோட்டமும் உள்ள சொந்த வீடு கிடைக்கிறது. ஆக, ஒரே தொகைக்கு இடத்தை வாங்குவதா, நேரத்தை வாங்குவதா என்பதுதான் நீங்கள் கேட்பது. நகரப் போக்குவரத்துத் திட்டமிடலில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். வீட்டுக் கடன், வரி, பள்ளியின் தரம் ஆகியவை என் துறை அல்ல; அவற்றைப் பற்றி நான் சொல்வதற்கு அதற்குரிய எடை மட்டும் கொடுங்கள்.

ஐயத்துக்கு இடமில்லாததை முதலில் சொல்லிவிடுகிறேன். மையத்திலிருந்து விலக விலக நிலத்தின் விலை குறைவது தற்செயலன்று. விளைநிலங்களும் சந்தையும் குறித்து ஜெர்மானியரான ஃபான் தியூனன் 1826-இல் போட்டுக் காட்டிய கணக்கை, 1964-இல் பொருளியலாளர் வில்லியம் அலோன்சோ நகரக் குடியிருப்புக்குப் பொருத்தினார். மையத்துக்குப் போய்வர ஆகும் பணமும் நேரமும் கூடக் கூட, அந்த இடத்துக்கு மக்கள் கொடுக்கத் தயாராக இருக்கும் விலை இறங்குகிறது என்பதே அதன் சாரம். புறநகர் வீட்டின் விலைக் குறைவை விற்பவர் தரும் சலுகையாக எண்ணிவிடக் கூடாது. நீங்கள் இனி ஒவ்வொரு நாளும் பயணத்தில் கட்டப்போகும் தொகையைக் கழித்துக்கொண்டு சொல்லப்பட்ட விலை அது. விளம்பரத்தில் வீட்டின் விலை மட்டும் பெரிய எழுத்தில் இருக்கும். கழிக்கப்பட்டது எவ்வளவு என்பதை நாம்தான் எழுதிப் பார்க்க வேண்டும்.

எழுதிப் பார்ப்போம். இப்போது ஒருவழிக்கு 30 நிமிடம் ஆகிறது, அங்கிருந்து 60 நிமிடம் ஆகும் என்று வையுங்கள். ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் கூடுகிறது. ஆண்டுக்கு 240 வேலை நாள் என்றால் 240 மணி நேரம். எட்டு மணி நேர வேலை நாளாகக் கணக்கிட்டால் 30 நாள். இருவருக்கும் சேர்த்து 60 நாள். பணத்தைப் பொறுத்தவரை, சிகாகோவில் உள்ள அண்டைப்புறத் தொழில்நுட்ப மையம் என்ற அமைப்பு நெடுங்காலமாகச் சொல்லிவரும் ஓர் அளவு பயனுள்ளது. வீட்டுச் செலவைத் தனியாகப் பார்க்காமல் போக்குவரத்துச் செலவோடு கூட்டிப் பார்க்க வேண்டும், இரண்டும் சேர்ந்து வருமானத்தில் 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது அந்த அளவு. அமெரிக்கச் சூழலில் பிறந்த அந்த எண் எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன்; கூட்டிப் பார்க்கும் முறை எங்கும் பொருந்தும். உங்கள் வீட்டில் இப்போது ஒரே வண்டி இருந்து, அங்கே போனால் இரண்டாவது வண்டி வாங்க வேண்டியிருக்கும் என்றால், அதன் விலை, காப்பீடு, எரிபொருள், பழுதுபார்ப்பு, நிறுத்துமிடக் கட்டணம் எல்லாவற்றையும் தவணையோடு கூட்டுங்கள். வாடகையும் தவணையும் இணை என்று நீங்கள் எழுதியிருப்பது அந்தக் கூட்டலுக்குப் பிறகும் நிலைக்குமா என்பது எனக்குச் சந்தேகமே.

பயண நேரம் மனிதரை என்ன செய்கிறது என்பதில் ஆய்வுகள் ஓரளவு தெளிவாகவும் ஓரளவு குழப்பமாகவும் இருக்கின்றன. டெக்சாஸில் வேலைக்குச் செல்லும் 909 பெண்களிடம் முந்தைய நாளை நிகழ்ச்சி நிகழ்ச்சியாக எழுதச் சொல்லி, உளவியலாளர் டேனியல் கானெமனும் உடன் பணியாற்றியவர்களும் 2004-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அன்றாடச் செயல்களில் மகிழ்ச்சி மிகக் குறைவாகப் பதிவானது காலையில் வேலைக்குப் போகும் பயணத்தின்போதுதான். ஜெர்மானியத் தரவை வைத்து ஸ்டுட்சர், ஃபிரே என்ற இரு பொருளியலாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நேரடியாக உங்கள் கேள்வியைத் தொடுகிறது. நீண்ட பயணத்தை ஏற்பவருக்கு மலிவான வீடோ கூடுதல் சம்பளமோ ஈடாகக் கிடைத்துவிடுகிறது என்றால், அவர்களுடைய வாழ்க்கைத் திருப்தி மற்றவர்களுடையதற்குக் குறைந்திருக்கக் கூடாது. ஆனால் பயண நேரம் நீள நீளத் திருப்தி குறைந்தே காணப்பட்டது. இதோடு நிறுத்தினால் விடை எளிது. பிரிட்டிஷ் தரவைக் கொண்டு 2011-இல் வந்த ஓர் ஆய்வோ, நீண்ட பயணம் பெண்களின் மனநலத்தைப் பாதித்திருப்பதையும், ஆண்களிடம் அத்தகைய பாதிப்பு தென்படாததையும் காட்டியது. வேலையிலிருந்து திரும்பிய பிறகு வீட்டுப் பொறுப்பும் பிள்ளையை அழைத்து வருவதும் பெரும்பாலும் பெண்கள் தலையில் விழுவதே காரணம் என்று அந்த ஆய்வாளர்கள் கருதினர். எனக்கு அது ஏற்புடையதாகவே தோன்றுகிறது. எனவே, இந்தப் பயணம் நமக்குத் தாங்குமா என்று இருவரும் சேர்ந்து கேட்டுக்கொள்வதோடு நிற்காமல், மாலை ஆறு மணிக்கு மகளின் பள்ளி வாசலில் யார் நிற்கப் போகிறார் என்பதையும் பேசி முடித்துவிடுங்கள்.

சராசரி நேரத்தை மட்டும் பார்ப்பதும் போதாது. தினமும் தவறாமல் ஒரு மணி நேரம் எடுக்கும் ரயில் பயணத்தோடு, நான்கு நாள் 50 நிமிடமும் ஐந்தாம் நாள் முன்னறிவிப்பின்றி ஒன்றே முக்கால் மணி நேரமும் எடுக்கும் சாலைப் பயணத்தை ஒப்பிட்டால், சராசரியில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் இரண்டாவதை நம்பி ஒரு குடும்பம் நாளைத் திட்டமிட முடியாது. அந்த ஐந்தாம் நாளுக்காக மற்ற நான்கு நாளும் முன்னதாகவே கிளம்ப வேண்டியிருக்கும். புதிய அகலச் சாலை வரப்போகிறது, அதன் பிறகு நெரிசல் இருக்காது என்று விற்பனை முகவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்க நகரங்களின் தரவை ஆராய்ந்து டுரான்டன், டர்னர் என்ற இருவர் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், நெடுஞ்சாலைத் தடங்களின் நீளம் எவ்வளவு கூடுகிறதோ ஏறத்தாழ அதே விகிதத்தில் வண்டிகள் ஓடும் தொலைவும் கூடிவிடுவது தெரிந்தது. சாலை நன்றாக இருக்கிறது என்பதை நம்பி உங்களைப் போலவே பலர் அங்கே வீடு வாங்குவதும் அதற்கு ஒரு காரணம். வரவிருக்கும் ரயில் தடம் பற்றிய பேச்சுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. திட்ட அறிக்கைக்கும் முதல் ரயிலுக்கும் இடையில் பத்தாண்டு கடப்பது எங்கள் துறையில் யாரையும் வியப்பில் ஆழ்த்துவதில்லை. இன்று என்ன ஓடுகிறதோ அதற்கு மட்டும் விலை கொடுங்கள்.

இனி, உங்கள் கேள்வியில் இல்லாததும் என் பார்வையில் முடிவைத் தீர்மானிக்க வேண்டியதுமான செய்திக்கு வருகிறேன். வீடு தேடும்போது பெரும்பாலான குடும்பங்கள் வண்டி ஓட்டுபவரின் நாளை வைத்தே கணக்குப் போடுகின்றன. அந்த வீட்டில் அதிக நேரம் இருக்கப்போகிறவரோ பெரும்பாலும் வண்டி ஓட்டாதவர். குடும்பப் பயணக் கணக்கெடுப்பு என்று நாங்கள் நடத்துவதில், வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் கொடுத்து, எத்தனை மணிக்கு எங்கே, எதில், எதற்காகச் சென்றார்கள் என்று எழுதித் தரச் சொல்வோம். வேலைக்குச் செல்பவரின் தாளில் ஐந்தாறு வரிகள் இருக்கும். கடைக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் நடந்துபோகக்கூடிய பகுதிகளில், முதியவரின் தாளிலும் காலை நடை, மருந்துக் கடை, தெரிந்தவர் வீடு என்று மூன்று நான்கு வரிகள் இருப்பதைப் பார்க்கலாம். நெடுஞ்சாலையைத் தாண்டாமல் எங்கும் போக முடியாத குடியிருப்புகளிலிருந்து வரும் முதியோரின் தாள்களில், வெளியே செல்லவில்லை என்ற ஒரே வரி அடிக்கடி வரும். உடல்நிலை காரணமா என்று கேட்டால் சிலர் ஆம் என்பார்கள். கூட்டிப்போக ஆள் இல்லை என்பதே பலருடைய பதில். அந்த வீடுகளில் தோட்டமும் இருந்தது, தனி அறையும் இருந்தது.

உங்கள் தாயாருக்கு இப்போதிருக்கும் வீட்டிலிருந்து யார் துணையும் இன்றிப் போகக்கூடிய இடங்கள் எத்தனை என்று எண்ணுங்கள். புதிய வீட்டிலிருந்து எத்தனை என்றும் எண்ணுங்கள். மகளுக்கும் அதே கணக்கைப் போடுங்கள், ஆனால் ஆறு வயதுக்கு மட்டும் போடாதீர்கள். சிறு குழந்தைக்குத் தோட்டமும் வண்டி வராத உள்தெருவும் பெரிய வரம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பன்னிரண்டு வயதில் அவளுக்கு நூலகம், விளையாட்டுப் பயிற்சி, தோழியின் வீடு எல்லாம் வேண்டியிருக்கும். வண்டி ஓட்டும் உரிமம் கிடைக்கப் பெரும்பாலான இடங்களில் 17, 18 வயதாக வேண்டும். இடைப்பட்ட ஆண்டுகளில் ஒவ்வொரு இடத்துக்கும் நீங்கள் இருவரில் ஒருவர் கொண்டுபோய் விட்டு, காத்திருந்து, அழைத்து வர வேண்டும். மேலே போட்ட 60 நாள் கணக்கில் இது சேரவில்லை. தவணை இருபது ஆண்டுக்கு ஓடுமானால், அது முடியும்போது நீங்களே வண்டி ஓட்டத் தயங்கும் வயதை நெருங்கிக்கொண்டிருப்பீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதியவர் உள்ள வீட்டுக்கு மருத்துவ உதவி எவ்வளவு நேரத்தில் வரும் என்பது தனியாகக் கவனிக்க வேண்டியது. இதயம் திடீரென நின்றுவிட்ட ஒருவருக்கு, நெஞ்சை அழுத்தும் முதலுதவியும் மின்னதிர்ச்சியும் கிடைக்காமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது என்பது மருத்துவ வழிகாட்டுதல்களில் இடம்பெற்ற கணக்கு. இதற்காக யாரும் மருத்துவமனை வாசலில் குடியிருக்க வேண்டியதில்லை. இரவு நேரத்தில் ஆம்புலன்ஸ் எங்கிருந்து புறப்பட்டு வரும், தெருப் பெயரும் கதவு எண்ணும் வெளியாள் கண்டுபிடிக்கும்படி எழுதப்பட்டிருக்கின்றனவா, அருகிலுள்ள மருத்துவமனையில் இரவில் மருத்துவர் இருக்கிறாரா என்று விசாரித்து வைத்தால் போதும்.

புறநகருக்குப் போகச் சொல்பவர்கள் காற்று, அமைதி, பாதுகாப்பு என்ற மூன்றையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். இவை நகரமா புறநகரா என்பதைவிட எந்தத் தெரு என்பதையே அதிகம் சார்ந்தவை. வண்டிப் புகையின் நுண்துகள்கள் பெரிய சாலையின் ஓரத்தில் செறிவாக இருந்து, பொதுவாக 150 முதல் 300 மீட்டர் தள்ளிப் போவதற்குள் பெருமளவு குறைந்துவிடுகின்றன. ஆகவே நெடுஞ்சாலையை ஒட்டிய புறநகர் வீட்டைவிட, நகரின் உள்தெரு வீட்டில் சாலைப் புகை குறைவாக இருக்கலாம். ஓசையும் அப்படித்தான். சாலை இரைச்சல் இரவில் 45 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் ஐரோப்பியப் பகுதிக்காக 2018-இல் பரிந்துரைத்தது. லாரிகள் இரவெல்லாம் ஓடும் புறவழிச்சாலை அருகே அதை எதிர்பார்க்க முடியாது. பாதுகாப்பு என்றதும் நாம் திருட்டை நினைக்கிறோம். ஆனால் உலக அளவில் 5 முதல் 29 வயது வரையுள்ளோரின் இறப்புக்கு முதன்மைக் காரணம் சாலை விபத்து என்று அதே நிறுவனம் சொல்கிறது. மோதும் வண்டியின் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டரிலிருந்து 50 ஆகும்போது நடந்துசெல்பவர் இறக்கும் வாய்ப்பு பல மடங்கு உயர்கிறது. நெரிசலான நகரத் தெருவில் வண்டிகள் ஊர்ந்து செல்கின்றன. நடைபாதை இல்லாத அகலமான புறநகர்ச் சாலையில் பறக்கின்றன. மகள் எந்தச் சாலையைக் கடந்து பள்ளிக்குப் போவாள் என்பதை நேரில் நின்று பாருங்கள்.

புறநகருக்கு உண்மையாகவே கிடைக்கும் மதிப்பெண்களையும் சொல்லியாக வேண்டும். இரவின் குளிர்ச்சி அவற்றில் ஒன்று. கட்டடங்களும் தார்ச்சாலையும் பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் மெல்ல வெளிவிடுவதால், நகர மையம் சுற்றுப்புறத்தைவிட இரவில் வெதுவெதுப்பாக இருக்கும். லண்டனில் லூக் ஹோவர்ட் என்ற வானிலை ஆய்வாளர் இருநூறு ஆண்டுக்கு முன்பே அளந்து, இரவில் ஏறத்தாழ 2 பாகை செல்சியஸ் வேறுபாட்டைப் பதிவு செய்திருக்கிறார். அடுத்தது இடம். இரண்டு அறையில் மூன்று தலைமுறை வசிப்பது எல்லாருடைய பொறுமையையும் தேய்க்கும். தாயாருக்குக் கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை என்பதை ஆடம்பரம் என்று நான் சொல்ல மாட்டேன். வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்வார்களோ என்ற கவலை இல்லாமல் மகள் ஒரே பள்ளியில் படித்து முடிப்பதும் பெரிய விஷயம். வாரத்தில் மூன்று நாளாவது வீட்டிலிருந்தே வேலை பார்க்க இருவருக்கும் உறுதி இருந்தால், நான் மேலே போட்ட நேரக் கணக்கில் பாதிக்கு மேல் கரைந்துவிடும். அந்த உறுதி பணி ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கிறதா, மேலாளரின் வாய்ச்சொல்லா என்பதைப் பாருங்கள். பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டிலிருந்தே வேலை என்று நம்பித் தொலைவில் வீடு வாங்கிய பலரை அவர்களுடைய நிறுவனங்கள் பின்னர் திரும்ப அழைத்துக்கொண்டன.

உறுதியாகச் சொல்ல முடியாதவற்றையும் பிரித்துக் காட்டுகிறேன். புறநகரில் வசிப்பவர்கள் உடல் எடை கூடுகிறார்கள், நகரத்தில் வசிப்பவர்கள் மன அழுத்தம் கொள்கிறார்கள் என்றெல்லாம் படித்திருப்பீர்கள். நடக்க விரும்புபவர் நடக்கத் தோதான இடத்தையும், தனிமையை விரும்புபவர் தனித்த வீட்டையும் தாமாகவே தேர்ந்தெடுப்பதால், இடம் மனிதரை மாற்றியதா, மனிதர் இடத்தைத் தேர்ந்தாரா என்று அந்தப் புள்ளிவிவரங்களிலிருந்து பிரித்தெடுப்பது கடினம். அவற்றை வைத்து வீடு வாங்க வேண்டாம். புறநகர் நிலத்தின் விலை பல மடங்கு ஏறும் என்று உங்கள் உறவினர் சொல்வதும் இந்த வகைதான். ஏறலாம், சுற்றிலும் காலி நிலம் நிறைய இருந்தால், புதிய வீடுகள் வந்துகொண்டே இருப்பதால், ஏறாமலும் போகலாம்.

நீங்கள் இரண்டே வழிதான் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மூன்றாவது ஒன்று உண்டு. என் பரிந்துரை அதுவே. முப்பது கிலோமீட்டருக்குப் பதிலாக, ரயில் நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில், பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் உள்ள பழைய புறநகர் ஒன்றில், சற்றுச் சிறிய வீடாகத் தேடுங்கள். நிலையத்துக்கு 800 மீட்டர், பேருந்து நிறுத்தத்துக்கு 400 மீட்டர் என்பது திட்டமிடுபவர்கள் நெடுங்காலமாகக் கொண்டிருக்கும் அளவு. தாயாரின் நடைக்கு அதை இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள். நிறுத்தம் இருப்பது போதாது, எத்தனை நிமிடத்துக்கு ஒரு வண்டி என்பது முக்கியம். சீராக ஓடும் வண்டிக்குச் சராசரிக் காத்திருப்பு, இடைவெளியில் பாதி. பத்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் யாரும் கால அட்டவணையைப் பார்ப்பதில்லை; நாற்பது நிமிடத்துக்கு ஒன்று என்றால் அந்தப் பேருந்து இல்லாததுபோல்தான் குடும்பம் நடந்துகொள்ளும்.

எந்த வீட்டையும் ஞாயிற்றுக்கிழமை காலையில், முகவரின் காரில் போய்ப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு செவ்வாய்க்கிழமை மாலை அலுவலகம் முடிந்ததும், இரண்டு கையிலும் பையோடு, பொது வண்டியில் அங்கே போங்கள். இறங்கிய இடத்திலிருந்து வீடு வரை நடந்து பாருங்கள். நடைபாதை எங்கே தொடங்கி எங்கே நின்றுவிடுகிறது, எத்தனை தெருவிளக்கு எரிகிறது, கதவோ சன்னலோ இல்லாத நீண்ட மதில் ஓரமாக எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கிறது, சாக்கடை மூடி ஆடுகிறதா, கடைசித் திருப்பத்தில் நாய்கள் நிற்கின்றனவா, வழியில் திறந்திருக்கும் ஒரு மருந்துக் கடையாவது உண்டா என்று கவனியுங்கள். மறுநாள் முற்பகலில் தாயாரை அழைத்துப் போய், அவர் நடக்கும் வேகத்தில் அதே தெருவில் நடங்கள். உட்கார இடம் கேட்கிறாரா, சாலையைக் கடக்க உங்கள் கையைப் பிடிக்கிறாரா என்பதிலிருந்து, எந்தப் புள்ளிவிவரமும் தராத விடை கிடைக்கும்.

நீங்கள் சொன்ன விவரங்களை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டுமென்றால், அந்த முப்பது கிலோமீட்டர் வீட்டை இப்போது வாங்க வேண்டாம் என்பேன். மனம் அங்கேயே நிற்கிறது என்றால், அதே பகுதியில் ஓராண்டு வாடகைக்குக் குடியிருந்து பாருங்கள். வாடகை போனால் ஓராண்டு வாடகைதான். வாங்கிவிட்டு விற்பதென்றால் பதிவுக் கட்டணமும் தரகும் கடன் வட்டியும் சேர்ந்து அதைவிடப் பெரிய தொகையை விழுங்கிவிடும். இரண்டு செய்திகளை நீங்கள் குறிப்பிடவில்லை. அந்த வீட்டிலிருந்து ரயில் நிலையம் எவ்வளவு தொலைவு என்பது ஒன்று. உங்கள் தாயார் இதுபற்றி என்ன சொல்கிறார் என்பது மற்றொன்று. நிலையம் நடக்கும் தொலைவில் இருந்து, அவரும் போக விரும்புகிறார் என்றால், மேலே எழுதியதில் பாதியை நானே திருத்தி எழுத வேண்டியிருக்கும். அவற்றைத் தெரிவியுங்கள்.